மீதி ஆறு சதவீதம்

தெய்வசிகாமணியின் உடம்பை சுபத்ரா தொண்ணூற்று நான்கு சதவீதம் அறிந்திருந்தாள். "கட்டின பொண்டாட்டிக்குக்கூட அவ்வளவு தெரியாது" என்று டாக்டர் ஜெயசீலன் கூட்டத்தில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். சுபத்ராவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்துப் பிறகு பல நாள் அவளுக்குக் கூசியிருக்கிறது.

கோயம்புத்தூரில் அந்த மருத்துவமனையின் நான்காம் தளத்துக்கு வருவதற்கு முன்னால், பதினாறு வருடம் அவள் பம்பு கம்பெனிகளில் வேலை பார்த்தவள். மோட்டாரைப் பிரித்துப் பார்க்காமலே அதற்குள் என்ன நடக்கிறது என்று கணக்கால் சொல்வது அவள் தொழில். மின்சாரத்தைக் கொஞ்சம் கூட்டுவாள், கொஞ்சம் குறைப்பாள்; மோட்டார் எப்படித் தடுமாறுகிறது, எப்படித் தேறுகிறது என்று குறித்துக்கொள்வாள். போதுமான தடுமாற்றங்கள் சேர்ந்ததும் மோட்டாரின் குணம் சில சமன்பாடுகளாகத் திரையில் வந்துவிடும். அந்தக் கணக்கைத்தான் இப்போது மனிதர்களுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

தெய்வசிகாமணிக்கு ஐம்பத்து நான்கு வயது. கோவை கணபதியில் மோட்டாருக்குக் கம்பிச்சுருள் கட்டும் பட்டறை வைத்திருந்தவர். ஆறு வருடத்துக்கு முன்னால் சத்தி ரோட்டில் அவர் ஓட்டிப்போன பைக்கில் லாரி மோதியது. பின்னால் உட்கார்ந்திருந்த மகன் கவின் அங்கேயே இறந்துபோனான். இவருக்கு நெஞ்சு உயரத்தில் தண்டுவடம் நசுங்கிப்போனது. கால்கள் போனது பார்ப்பவர்களுக்குத் தெரிகிற நஷ்டம். தெரியாத நஷ்டம் இன்னொன்று இருந்தது. ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் வித்தை அவர் உடம்புக்கு மறந்துபோயிற்று. சாய்ந்து உட்கார்ந்தால் இறங்கும், சாப்பிட்டால் இறங்கும், சில நேரம் காரணமே இல்லாமல் இறங்கும். இறங்கினால் நினைவு போகும். பக்கத்தில் ஆள் இல்லையென்றால் நினைவோடு உயிரும் போகலாம்.

அதற்குத்தான் அந்தக் கருவி. இடுப்பில் தோலுக்குக் கீழே தீப்பெட்டி அளவில் வைத்து, அதிலிருந்து மெல்லிய கம்பிகளைத் தண்டுவடத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வார்டில் எல்லோரும் அதைப் பெட்டி என்றுதான் சொன்னார்கள். அழுத்தம் இறங்கும்போது நரம்பைத் தூண்டி ஏற்றிவிடும். ஆனால் எவ்வளவு தூண்டினால் எவ்வளவு ஏறும் என்பது உடம்புக்கு உடம்பு மாறும். அதனால் முதலில் பெட்டிக்கு அந்த உடம்பைக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

முதல் நாள் அவள் விளக்கியபோது தெய்வசிகாமணி உற்சாகமாகிவிட்டார்.

"அப்ப, மோட்டாருக்கு லோடு ஏத்தி எறக்கிப் பாக்கற மாதிரிங்களா அம்மிணி?"

"அதேதாண்ணா. பெட்டி உங்க நரம்பைச் சின்னதாத் தட்டும். சிலது ஏத்தும், சிலது எறக்கும். உடம்பு என்ன பண்ணுதுன்னு நான் பாப்பேன்."

"எப்பத் தட்டும்?"

"அது உங்களுக்குத் தெரியக் கூடாது. எனக்கே தெரியாது. கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிப் போடற மாதிரி போடும்."

"சும்மா வுட்டுப் பாத்தா ஆகாதுங்களா?"

"சும்மா இருக்கறதப் பாத்தா, சும்மா இருக்கும்ங்கறது மட்டுந்தாண்ணா தெரியும். அசைச்சாத்தானே எது தாங்குதுன்னு தெரியும்?"

அதைச் சொல்லும்போது சுபத்ராவுக்குத் தன் வீடு நினைவுக்கு வந்தது. பதினொரு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவளும் அவள் கணவனும் ஒரு நாள்கூடச் சண்டை போட்டதில்லை. குரல் உயர்ந்ததில்லை, பாத்திரம் உருண்டதில்லை. பிரிந்தபோதும் யார் எந்த அலமாரியை எடுத்துக்கொள்வது என்று மரியாதையாகப் பேசி முடித்தார்கள். அந்த வீட்டை எது தாங்கிக்கொண்டிருந்தது, எது தாங்கவில்லை என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

இருபத்தொரு நாள் தட்டினார்கள். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை. நோயாளிக்கு மருந்து கொடுத்தார்களா, கட்டிலைச் சாய்த்தார்களா என்று சிஸ்டர் மெர்சி படிவத்தில் மணிக்கு மணி குறித்தாள். இருபத்தொரு நாளும் ஒரே பதில்தான்: தலையீடு இல்லை. கடைசியில் அவருடைய உடம்பின் போக்கில் தொண்ணூற்று நான்கு சதவீதத்தைக் கணக்கு சரியாகச் சொன்னது. மீதி ஆறு சதவீதத்தை, எல்லோரும் செய்வதுபோல, இரைச்சல் என்று எழுதி அவள் அறிக்கையை முடித்தாள்.

அந்த அறிக்கைக்காக யாரையும்விட அதிகமாகக் காத்திருந்தவள் தெய்வசிகாமணியின் மனைவி வசந்தாமணி. அவள் ஆறு வருடமாகக் கணவன் கட்டிலைவிட்டு ஒரு நாள் முழுசாக நகர்ந்ததில்லை. மகள் கீர்த்தனா ஓசூரில் எட்டாம் மாதம். மாமியார் இல்லாத வீடு. கர்ப்பப்பை வாய் பலவீனமாக இருக்கிறது, படுக்கையைவிட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்துவர ஒரு தாய்வீடு வேண்டும். வசந்தாமணிக்கு இருந்தது மருத்துவமனைக்குப் பின்னால் ஓர் அறையும் ஒரு கெட்டிலும்.

"ஒண்ணத் தூக்கிக் குடுத்துட்டனுங்க. இன்னொண்ணு கண்ணு முழிச்சுக் கூப்புடறப்பப் பக்கத்துல இருக்கோணும். மூணு மாசம். அதுக்கு மேல நான் கேக்க மாட்டேன். பெட்டி பாத்துக்குமுங்களா?"

"பாத்துக்கும்கா" என்று சுபத்ரா சொன்னாள். தொண்ணூற்று நான்கு கையில் இருந்த தைரியம்.

ஒத்திகை பார்ப்பதுபோல, வளைகாப்புக்காக வசந்தாமணி இரண்டு நாள் ஓசூர் போனாள். இரண்டாம் நாள் காலை பதினொரு மணிக்குத் தெய்வசிகாமணியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றினார்கள். பெட்டி தூண்டியது, கணக்கு சொன்ன அளவுதான் தூண்டியது. அழுத்தம் அதைப் பொருட்படுத்தாமல் சரிந்து ஐம்பத்தெட்டுக்குப் போயிற்று. மெர்சி ஓடிவந்து தலையைக் கீழாகவும் காலை மேலாகவும் சாய்த்து, ஊசி போட்டு, நான்கு நிமிடம் கழித்துத்தான் அவர் கண்ணைத் திறந்தார்.

சுபத்ரா மூச்சிரைக்க வந்து நின்றபோது அவர் சிரிக்கப் பார்த்தார். "பொண்டாட்டி ரெண்டு நாள் இல்லீன்னா பிரஷர் நல்லா எறங்கும்னு தெரியுமுங்க. இவ்வளவு எறங்கும்னு நெனைக்கல."

ஜெயசீலன் சிரிக்கவில்லை. "உங்க தொண்ணூத்தி நாலு எங்க போச்சு, சுபத்ரா?"

அவள் அறைக்குப் போய்ப் பழைய பதிவுகளை எடுத்தாள். எண்களைப் பார்க்கவில்லை, வார்டு கேமரா எடுத்திருந்த படத்தைப் பார்த்தாள். பெட்டி தட்டுகிறது. நான்காவது விநாடியில், திரையில் எண் அசைவதற்கும் முன்னால், படத்தின் ஓரத்திலிருந்து ஒரு கை வருகிறது. அவர் கெண்டைக்காலை அழுத்திப் பிடித்து மேல்நோக்கி நீவுகிறது. இன்னொரு தட்டு, அந்தக் கை ஒரு டம்ளர் உப்புத் தண்ணீரை நீட்டுகிறது. இன்னொன்று, தோளைப் பிடித்து லேசாகச் சாய்க்கிறது. ஏற்றும் தட்டு வந்தால் அழுத்தத்தை இறக்க அதே கை தலையணையை உயர்த்துகிறது. நாற்பது தட்டுகளைப் பார்த்தாள். நாற்பதிலும் அந்தக் கை இருந்தது.

மெர்சியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"ஐயோ மேடம், படிவத்துல மருத்துவத் தலையீடுன்னுதான இருக்கு? இது அக்காதான?" என்றாள் மெர்சி. அவள் குரலில் குற்றமே இல்லை.

மருந்துக்கு ஒரு கட்டம் இருந்தது. கட்டிலுக்கு, அறையின் வெப்பத்துக்கு, ஜன்னல் திரைக்குக்கூடக் கட்டம் இருந்தது. படிவத்தைத் தயாரித்தவள் சுபத்ராதான். இருபத்தொரு நாளும் அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் வசந்தாமணியைப் பார்த்திருக்கிறாள், அவள் கொடுத்த டீயைக் குடித்திருக்கிறாள். ஓர் உடம்பு என்று நினைத்துத் தான் அளந்தது இரண்டு பேரை என்பது அவளுக்கு உறைக்க வெகுநேரம் ஆயிற்று. கணக்குத் தப்பில்லை. வசந்தாமணியும் சேர்ந்த தெய்வசிகாமணி அப்படித்தான் இருந்தார்.

மறுநாள் ஓசூரிலிருந்து திரும்பிய வசந்தாமணி, கையில் புதுக் கண்ணாடி வளையல்களோடு அப்படியே வந்து உட்கார்ந்தாள்.

"திரையில நம்பர் மாறறதுக்கு முன்னாடியே உங்களுக்கு எப்படிக்கா தெரியுது?"

"மொகத்தப் பாத்தாத் தெரியாதுங்களா?" என்று அவள் ஆச்சரியமாகக் கேட்டாள். பிறகு, தான் செய்த உபகாரம் என்னவாகிவிட்டது என்று புரிந்து முகம் வாடினாள். "நாந்தான் கெடுத்துட்டனுங்களா?"

"நீங்க கெடுக்கலக்கா. நாந்தான் உங்கள எண்ணாம விட்டுட்டேன். இன்னொரு தடவை அளக்கணும். ஒன்பது நாள். ஆனா நீங்க உள்ள வரக் கூடாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கலாம்."

"அவருக்கு எறங்குனா?"

"எறங்க விடணும். எழுபதுக்குக் கீழ போனா கட்டிலே சாஞ்சுக்கும். அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது."

வசந்தாமணி வளையல்களைக் கையில் உருட்டினாள். "ஓசூர்ல புள்ளைக்கு இன்னும் அஞ்சு வாரம். ஒம்பது நாளுன்னா ஒம்பது நாள்தானுங்களே?"

"ஒன்பதே நாள்."

அப்படித் தொடங்கியது. வராந்தாவில் கண்ணாடிச் சுவரை ஒட்டி ஒரு நாற்காலி போட்டார்கள். முதல் நாள் ஒவ்வொரு தட்டுக்கும் வசந்தாமணியின் கை மடியிலிருந்து எழுந்து பாதியில் நின்றது. ஒருமுறை அவள் எழுந்து கதவுவரை வந்துவிட்டாள். மெர்சி அவள் தோளைப் பிடித்து, "அக்கா, நீங்க உள்ள வந்தா ஒம்பது பத்தாயிரும். அப்பறம் பேரனே வந்து உங்களத் திட்டுவான்" என்று சொல்லி உட்காரவைத்தாள்.

மூன்று நாள் ஆனதும் சுபத்ரா கணக்குப் போட்டுப் பார்த்தாள். பெட்டியின் தட்டுகளால் வந்த ஏற்ற இறக்கங்களையெல்லாம் கழித்தாள். கழித்த பிறகு திரை ஏறக்குறைய தட்டையாக இருக்க வேண்டும். இருக்கவில்லை. யாரும் தட்டாத நேரத்தில், சாப்பாடோ அசைவோ இல்லாத நேரத்தில், எட்டு இடத்தில் அழுத்தம் பள்ளமாக இறங்கியிருந்தது. எட்டும் ஒரே வடிவம். பழைய இருபத்தொரு நாள் பதிவை எடுத்து அதே வடிவத்தைத் தேடினாள். அங்கேயும் இருந்தது, வசந்தாமணியின் கை உடனுக்குடன் தூக்கி நிறுத்தியதால் பள்ளங்கள் சின்னதாக, பல்லி நகம் போலத் தெரிந்தன. அவள் இரைச்சல் என்று எழுதிய ஆறு சதவீதம் முழுக்க அவைதான்.

படத்தோடு ஒட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் வசந்தாமணி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம், கண் எங்கோ நிலைத்தபடி. தெய்வசிகாமணி அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு அவர் நெஞ்சின் ஏற்ற இறக்கம் நிற்கும். அழுத்தம் சரியும். அவள் துள்ளி எழுவாள்.

நான்காம் நாள் வசந்தாமணி கேன்டீனுக்குப் போயிருந்த நேரம் பார்த்து சுபத்ரா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"அண்ணா, நீங்க மூச்சை அடக்கறீங்க."

அவர் மறுக்கவில்லை. "மோட்டாரு கிட்டப் பொய் சொல்ல முடியாதுன்னு எங்க முதலாளி சொல்லுவாரு. உங்க கிட்டயும் முடியாது போல இருக்குதுங்க."

"ஏண்ணா?"

"கவின் போன பின்னாடி ஏழு மாசம் அவ ஒரு வார்த்த பேசலீங்க அம்மிணி. என்னையத் திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். வண்டிய ஓட்டுனது நாந்தான? திட்டல. அழுவல. சோறு வெச்சா வெச்ச எடத்துல இருக்கும். செவுத்தப் பாத்து உக்காந்தான்னா அப்படியே இருப்பா. எனக்கு எந்திரிச்சுப் போய் உலுக்கவும் முடியாது. ஒரு நா எனக்குத் தானா எறங்கிருச்சு. கண்ணு கட்டுது. அப்பப் பாக்கறேன், ஓடி வர்றா! 'ஏனுங்க, ஏனுங்க'ன்னு கத்திக்கிட்டு. ஏழு மாசத்துல அதுதான் மொதப் பேச்சு."

அவர் போர்வை நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அப்பறம் நானே கண்டுபுடிச்சேன். மூச்சக் கட்டி முக்குனா எறங்கும்னு. அவ ரொம்ப நேரம் அப்படி உக்காந்தா ஒண்ணு போடுவேன். எந்திரிச்சு வருவா. வந்தா பேசுவா, திட்டுவா, தண்ணி குடிப்பா. நீங்க எனக்குத் தட்டறீங்களே, அது மாதிரிதானுங்க. மொதல்ல தெனம் இருவது. இப்ப ரெண்டு மூணு."

ஆறு வருடமாக அந்தக் கட்டிலில் ஒரு சோதனை நடந்துகொண்டிருந்திருக்கிறது; தூண்டுதலும் பதிலும் குறிப்பும் எல்லாம் ஒருவர் தலைக்குள்.

"நிறுத்தணும்ணா. ஆறு நாள். இல்லைன்னா பெட்டிக்கு உங்க உடம்பு புரியாது. அக்கா ஓசூர் போக முடியாது."

"நிறுத்துனா அவ அங்கயே போயிட்டான்னா?" என்றார் அவர். ஓசூரை அவர் சொல்லவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. "அந்தச் செவுத்துக்குள்ள?"

"நிறுத்தாம இருந்தா அது எப்படித் தெரியும்?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "சரிங்க. ஆனா அவளுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா, இனி நான் நெசமா மயங்குனாக்கூட வேஷமோன்னு ஒரு கணம் யோசிப்பா. அந்த ஒரு கணம் எனக்கு ஆவாதுங்க."

ஐந்தாம் நாள் எதுவும் நடக்கவில்லை. ஆறாம் நாள் காலை பத்தே காலுக்கு வசந்தாமணி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைகளை மடியில் கோத்து உட்கார்ந்தாள். கண் நிலைத்தது. சுபத்ரா தன் அறையிலிருந்து இரண்டு பேரையும் திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம். இருபது. தெய்வசிகாமணியின் தாடை இறுகுவதும் தளர்வதும் தெரிந்தது. அவர் மூச்சு ஒழுங்காக, பிடிவாதமாக வந்து போய்க்கொண்டிருந்தது. முப்பது. நாற்பது. உள்ளே போய், "போதும்ணா, ஒரு தடவை அடக்குங்க" என்று சொல்லிவிடலாமா என்று அவள் எழுந்தேவிட்டாள். எழுந்தவள் கதவுப் பிடியைப் பிடித்தபடி நின்றாள்.

ஐம்பத்திரண்டாம் நிமிடம் வசந்தாமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். போய் டம்ளரைக் கழுவினாள். கைபேசியை எடுத்து மகளிடம் பேசினாள். பேச்சின் நடுவில் எதற்கோ சிரித்தாள்.

தெய்வசிகாமணியின் கண்ணிலிருந்து நீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று. துடைக்கக் கையை உயர்த்த அவர் மறந்துபோயிருந்தார். அழுத்தம் எழுபத்தெட்டு, ஆடவில்லை.

வசந்தாமணி தானாகவே எழுகிறாள். எத்தனை வருடமாக எழ முடிந்திருக்கும்? பத்து நிமிடத்துக்குமேல் அவர் விட்டுவைத்ததே இல்லையே. விழுந்துவிடுவாள் என்று தாங்கிக்கொண்டே இருந்ததில், அவள் நிற்கக் கற்றுக்கொண்டதை அவர் பார்க்கவே இல்லை. அன்று சுபத்ரா அப்படித்தான் புரிந்துகொண்டாள்.

ஒன்பதாம் நாள் முடிவில் புதுக் கணக்கு வந்தது. எண்பத்தொன்பது சதவீதம். பழையதைவிடக் குறைவு, ஆனால் இது ஒரே ஒருவரின் உடம்பு. அந்த உடம்பு அவள் நினைத்ததைவிட மிகவும் பலவீனமாக இருந்தது. பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்த அளவுகளையெல்லாம் ஏறக்குறைய இரண்டு மடங்காக்க வேண்டியிருந்தது. நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். சாப்பிடக் கொடுத்துப் பார்த்தார்கள். தாங்கியது.

"முதல் மூணு நாள் டேட்டாவ ஏன் சேர்க்கல?" என்று ஜெயசீலன் கேட்டார்.

"நோயாளி ஒத்துழைக்கல."

"அப்பறம்?"

"ஒத்துழைச்சார்."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவள் படிவத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருந்தாள்: அருகில் இருப்பவர் செய்தது. அதைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

வசந்தாமணி கிளம்பிய அன்று சுபத்ரா வாசல்வரை வந்தாள். ஆட்டோக்காரர் பையை ஏற்றிக்கொண்டிருந்தார். சுக்கு, மிளகு, ஓமம், பூண்டு என்று பத்தியச் சாமான்களின் வாசனை பையைத் தாண்டி வந்தது.

"அவரப் பாத்துக்குங்க அம்மிணி" என்றவள், கொஞ்சம் தயங்கி, "அவரு உங்க கிட்டச் சொல்லிட்டாருங்களா?" என்றாள்.

"என்னதுக்கா?"

"மூச்சடக்கறத."

சுபத்ரா சட்டென்று நிமிர்ந்தாள். வசந்தாமணி புன்னகைத்தாள்.

"தானா எறங்குனா காது நுனி வெளுக்குமுங்க. அவரா எறக்குனா நெத்தி நரம்பு பொடைக்கும். ஆறு வருசமா ஒரே மொகத்தப் பாக்கறவளுக்கு இது தெரியாதுங்களா?"

"தெரிஞ்சுமா ஒவ்வொரு தடவையும் எழுந்து ஓடினீங்க?"

"கூப்புடறாருல்லீங்க?" என்றாள் வசந்தாமணி சாதாரணமாக. "அவரால எந்திரிச்சு வந்து தோளத் தொட முடியாது. அப்படித்தான் கூப்புட முடியும். ஓடி வந்தா அவரு மொகத்துல ஒரு நிம்மதி வரும் பாருங்க. வண்டிய ஓட்டுனது நாந்தானேன்னு தெனம் சாகற மனுசன். எம்பொண்டாட்டிய நான் காப்பாத்திக்கிட்டிருக்கேன்னு அவரு நெனச்சுக்கோணும். அதுக்கோசரம் சில நாள் நானே அப்படிப் போயி உக்காந்துக்குவேன்."

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். "வர்றனுங்க" என்று அவரை அடக்கிவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த ஆறாம் நாளும் அப்படித்தான் உக்காந்தேன். கூப்புடலீங்க. இப்பக் கூப்புடுவாரு, இப்பக் கூப்புடுவாருன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு மணி நேரம் ஆயிருக்கும். அப்பறம் புரிஞ்சுது. என்னைய அனுப்பறாரு. சரி, இனி நாமளாத்தான் எந்திரிக்கோணும்னு எந்திரிச்சேன்."

தான் குறித்துவைத்த ஐம்பத்திரண்டு நிமிடத்தை சுபத்ரா நினைத்தாள். அதில் வசந்தாமணியின் துக்கத்தையும் தேறுதலையும் அளந்ததாக நம்பியிருந்தாள்.

"அவர் கிட்டச் சொல்லட்டுமாக்கா, உங்களுக்குத் தெரியும்னு?"

"வேண்டாமுங்க" என்றாள் வசந்தாமணி, யோசிக்காமல். ஆட்டோவில் ஏறியவள் குனிந்து, "ரசத்துல உப்புக் கொஞ்சம் தூக்கலாப் போடச் சொல்லுங்க" என்றாள். ஆட்டோ அவிநாசி ரோட்டு நெரிசலில் கலந்து மறைந்தது.

மறுநாள் காலை பதினொரு மணி. சுபத்ரா தன் அறையில் வேறொரு நோயாளியின் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துத் திரையில் தெய்வசிகாமணியின் கோடு ஓடிக்கொண்டிருந்தது. அவர் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். திடீரென்று கோடு சரிந்தது. அவளுக்கு நன்றாகத் தெரிந்த வடிவம்.

பெட்டி கவனித்தது, தூண்டியது. ஒன்பது விநாடியில் கோடு பழைய இடத்துக்கு வந்து நின்றது. பிசிறே இல்லை. அவள் பதினாறு வருடம் மோட்டார்களோடு மாரடித்தும் இவ்வளவு சுத்தமாக ஒன்றைச் செய்ததில்லை.

எட்டு நிமிடம் கழித்து மறுபடியும் சரிந்தது. இந்தமுறை இன்னும் ஆழமாக. ஒன்பது விநாடி. நேர்கோடு.

மூன்றாவதற்காக அவள் காத்திருந்தாள். அரை மணி நேரம் கோடு நேராகவே ஓடியது. அவள் எழுந்து நான்காம் தளத்தின் நீண்ட வராந்தாவில் நடந்தாள்.

அவர் கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டதும் அவர் கண்கள் அவள் முகத்துக்கு வந்தன. வந்து, மெதுவாக இறங்கின.

"என்னண்ணா?"

"சும்மா ஒருக்கா முக்கிப் பாத்தேனுங்க அம்மிணி." அவர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். "யாரும் வரல. அதுவே பாத்துக்குது."

சுபத்ராவிடம் அப்போது ஒரு வாக்கியம் இருந்தது. அக்காவுக்கு முதலிலிருந்தே தெரியும், தெரிந்தேதான் ஓடிவந்தார்கள் என்ற வாக்கியம். அது அவருக்கு எதைக் கொடுக்கும், எதைப் பறிக்கும் என்று அவளால் கணிக்க முடியவில்லை. சொல்லிப் பார்த்து, அவர் என்ன ஆகிறார் என்று குறித்துக்கொள்கிற விஷயமல்ல அது. அவள் கட்டிலடியில் கிடந்த முக்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெட்டி நல்லா வேல செய்யுதுங்க" என்றார், அவளைத் தேற்றுகிறவர் போல.